பிளாவிக்கன் கசாப்புக்காரன்

போலந்து எழுத்தாளர் ஆந்த்ஷேய் சப்கோவ்ஸ்கி படைத்த மிகுபுனைவு நாயகன் கெரால்ட்டுக்கு ஊரார் சூட்டிய வசைப்பெயர் இது. கெரால்ட் ஒரு விட்சர்: கூலி பெற்றுக் கொடிய பிறவிகளை வேட்டையாடுபவன். 1993இல் வெளிவந்த 'கடைசி ஆசை' தொகுப்பிலுள்ள 'சிறிய தீமை' என்ற சிறுகதையில் இப்பெயர் பிறக்கிறது. 2015இல் வந்த 'விட்சர் 3' கணினி விளையாட்டிலும் இது அவனைத் துரத்துகிறது. 2019இல் தொடங்கிய நெட்ஃபிளிக்ஸ் தொடரின் முதல் பகுதி இக்கதையைத்தான் காட்டியது.

தான் கொன்ற கிகிமோரா என்ற கொடிய பிறவியின் உடலை விற்க கெரால்ட் பிளாவிக்கன் என்ற ஊருக்கு வருகிறான். அங்கே கோபுரமொன்றில் வேற்றுப்பெயரில் ஒளிந்து வாழும் மந்திரவாதி ஸ்ட்ரெகோபோர், ரென்ஃப்ரி என்ற பெண்ணைக் கொல்லச் சொல்கிறார். கிரகணத்தின்போது பிறந்த பெண்கள் சாபம் பெற்றவர்கள் என்பது அவர் நம்பிக்கை. ரென்ஃப்ரி ஒரு மன்னனின் மகள். மாற்றாந்தாய் அவளைக் கொல்லக் காட்டுக்கு அனுப்பினாள். தப்பியவள் கொள்ளைக் கும்பலோடு திரும்பி வந்திருக்கிறாள். (ஸ்னோ ஒயிட் கதையை சப்கோவ்ஸ்கி இங்கே இரத்தத்தில் தோய்த்தெடுக்கிறார்.) அவள் கேட்பது தன்னைக் கொல்லத் துடிக்கும் மந்திரவாதியின் உயிரை. இரண்டையும் கெரால்ட் மறுக்கிறான். தீமையில் சிறியது, பெரியது என்ற கணக்கே அவனுக்கு ஒப்பவில்லை.

ஆனால் சந்தை நாளில் மக்களைப் பணயமாகப் பிடித்து, மந்திரவாதி வெளியே வரும்வரை ஒவ்வொருவராகக் கொல்வதே அவள் திட்டம் என்று அவன் ஊகிக்கிறான். சந்தைக்கு ஓடி அவளது ஆட்களை வெட்டிச் சாய்க்கிறான். பிறகு வருகிறாள் ரென்ஃப்ரி. கோபுரத்துக்குப் போய் வந்திருக்கிறாள். ஊரையே வெட்டிப் போட்டாலும் வெளியே வரமாட்டேன் என்று ஸ்ட்ரெகோபோர் சொல்லிவிட்டாராம். அப்படியானால் மிரட்டலுக்கே பயனில்லை. படுகொலை நடந்திருக்குமா, நடந்திருக்காதா? கதையின் மிகக் கனமான இடம் இதுதான். கெரால்ட் ஊரைக் காத்தானா என்பது அவனுக்கே தெரியாமல் போகிறது. இருவரும் மோத, அவள் இறக்கிறாள்.

சந்தைக்கு வந்தவர்களுக்கு இவை எதுவும் தெரியாது. நடக்காத கொலைக்கு யார் சாட்சி சொல்ல முடியும்? அவர்கள் கண்டவை வாளும் பிணங்களும் மட்டுமே. அறுத்துப் பார்ப்பதற்காக ரென்ஃப்ரியின் உடலைக் கேட்ட ஸ்ட்ரெகோபோரை, தொட்டால் தலை உருளும் என்று கெரால்ட் தடுக்கிறான். தன்னை விளக்கி மட்டும் ஒரு சொல் பேசுவதில்லை. கூட்டம் கல்லெறிகிறது. அவனுக்கு நெடுநாள் நண்பரான ஊர்த்தலைவர் கால்டெமெய்ன் எறிபவர்களைத் தடுத்துவிட்டு, இனி ஒருபோதும் பிளாவிக்கனுக்கு வராதே என்று அவனை அனுப்பிவைக்கிறார்.