பல்லில் எழுதிய நிதியாண்டு

தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூரில் என் வயதுக்காரர்கள் சிரித்தால், எந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தார்கள் என்று சொல்லிவிடலாம். என் முன்பற்களில் லேசான பழுப்புக் கோடுகள் உண்டு. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள் என் தங்கை. அவள் பல்லில் கறை கெட்டியாகவே இருக்கிறது. ஆயா அதைக் 'காவிப்பல்' என்பார். செங்கல் தூளும் சாம்பலும் வைத்துத் தேய்க்கச் சொல்வார். தேய்த்தால் போகிற கறையா அது? பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் வாயைக் கையால் மூடிச் சிரித்த என் தங்கையை நான் மறக்கவில்லை.

எனக்கு வாய்த்தது சேந்துகிணற்றுத் தண்ணீர். தங்கைக்கு வாய்த்தது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். மழை பொய்த்துக் கிணறுகள் வற்றியபோது ஆழ்துளை போடும் போர் வண்டிகள் ஊருக்குள் வந்தன. 1972-73இல் மத்திய அரசு கிராமக் குடிநீருக்கென்று தனித் திட்டமே தொடங்கியது. அதற்கு ஓராண்டு முன்னர்தான், 1971இல், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் அமைந்திருந்தது. தெருவுக்கு ஒரு அடிபம்பு வந்தது. அன்றைக்கு அது பெரிய வரம்தான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் மாவட்டத்தின் பாறையில் ஃபுளோரைடு இருக்கிறது. துளை ஆழமாகப் போகப் போக அதுவும் தண்ணீரோடு சேர்ந்து மேலே வந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லும், போகப் போக எலும்பும் கெடும். இந்த நோய் 1937லேயே, அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டிருந்தது. ஆனாலும் நான் பார்த்த படிவங்களில் எத்தனை துளை போட்டோம் என்பதற்குத்தான் கட்டம் இருந்தது. எப்படிப்பட்ட தண்ணீர் வந்தது என்று எழுத இடம் இல்லை.

படிவம் என்று சொல்லக் காரணம், நான் முப்பத்து மூன்று ஆண்டுகள் சார்நிலைக் கருவூலத்தில் பட்டியல் பார்த்தவன். அரசாங்கப் பணம் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்பது எனக்கு மனப்பாடம்.

அந்த வழி பழையது. ஏப்ரல் முதல் தேதியில் நிதியாண்டு தொடங்கும் வழக்கம் 1867இல் வந்தது. 1870இல் வைஸ்ராய் மேயோ பிரபு சாலை, பள்ளி, மருத்துவம் போன்றவற்றுக்கு மாகாணங்களிடம் ஒரு தொகையைக் கொடுத்து, அதைக் கொண்டு நிர்வகிக்கச் சொன்னார். மாநில பட்ஜெட்டுக்கு விதை அதுதான். சுதந்திரத்துக்குப் பின் அரசமைப்புச் சட்டத்தின் 202, 203, 204ஆம் பிரிவுகள் அதற்கு முழு உருவம் கொடுத்தன. ஆளுநர் பெயரால் நிதிநிலை அறிக்கை வைக்கப்படும். துறைவாரியாக மானியக் கோரிக்கைகள் மீது பேரவை வாக்களிக்கும். நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேறும். அதற்குப் பிறகே கருவூலத்தில் காசு அசையும்.

பேரவையில் கைதட்டு வாங்கிய அறிவிப்பு எங்கள் மேசைக்கு வரும்போது வெறும் நான்கு இலக்கமாக இருக்கும். குடிநீருக்கு அது 2215, 4215, 6215. முதல் இலக்கம் 4 என்றால் மூலதனம்: குழாய், தொட்டி, கட்டடம். 6 என்றால் அரசு பிறருக்குக் கொடுக்கும் கடன். 2 என்றால் வருவாய்ச் செலவு: சம்பளம், பராமரிப்பு, அன்றாடம் ஓட்டுகிற காசு. கட்டுகிற காசு வேறு, ஓட்டுகிற காசு வேறு. இந்த ஒன்று புரிந்துவிட்டால் பாதி பட்ஜெட் புரிந்துவிடும்.

எங்கள் ஊருக்கு ஆத்துத் தண்ணி வந்த கதையே இதற்குச் சாட்சி. ஒகேனக்கல்லில் காவிரி நீரை எடுத்துத் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் தர 1998இல் மத்திய அரசு இசைவு தந்தது, கேட்டது 1.4 டிஎம்சிதான். பத்து ஆண்டுகள் கழித்து, 2008 பிப்ரவரியில், முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். அப்போது மதிப்பீடு 1,334 கோடி ரூபாய். கர்நாடகத்தில் எதிர்ப்பு எழுந்து, அந்த ஏப்ரலில் வேலை தள்ளிப்போடப்பட்டது. ஜப்பான் கடனுதவியோடு மறுபடி நடந்து, 2013 மே மாதம் முதல்வர் ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கி வைத்தபோது தொகை 1,928.80 கோடியாகியிருந்தது. அன்று நகராட்சிகளாக இருந்த மூன்று நகரங்கள், எங்களைப் போன்ற பேரூராட்சிகள், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஊரகக் குடியிருப்புகள் அதை நம்பி இருக்கின்றன. ஆட்சிகள் மாறியும் அந்தக் கணக்குத் தலைப்பு மூடப்படவில்லை. அதற்கு நான் இரு தரப்புக்கும் நன்றி சொல்வேன்.

முதன்முதலில் எங்கள் தெருவில் ஒகேனக்கல் தண்ணி வந்த அன்று, தங்கை பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு சொம்பு பிடித்துக் குடித்துவிட்டு, "அண்ணா, இது அப்பவே வந்திருக்கக் கூடாதா?" என்றாள். 1998க்கும் 2013க்கும் இடையே எத்தனை பிள்ளைகளுக்குப் பல் முளைத்திருக்கும் என்று அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தேன்.

அடிக்கல், தொடக்க விழா எல்லாம் கட்டுகிற காசுக்கு. ஓட்டுகிற காசுக்கு விழா கிடையாது. மலையும் மேடுமான நாட்டில் தண்ணீரை ஏற்றி அனுப்ப மின்கட்டணம் வேண்டும்; உடைந்த குழாயை ஒட்ட ஆள் வேண்டும். வாரியத்திடம் வாங்கும் தண்ணீருக்கு உள்ளாட்சிகள் காசு கட்ட வேண்டும். அந்தக் காசின் பெரும்பகுதி மாநில நிதி ஆணையம் வகுத்த பங்கிலிருந்து வருகிறது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு. அதை ஊரகத்துக்கும் நகர்ப்புறத்துக்கும் பிரிக்கிறார்கள். இந்தப் பங்கு சுருங்கினாலோ தாமதித்தாலோ எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருகிற நாள் குறையும். நாள் குறைந்தால் பெண்கள் குடத்தோடு பழைய போருக்குப் போவார்கள். போர் தண்ணீர் மாறவில்லை.

2021இலிருந்து பட்ஜெட் காகிதமில்லாமல் வருகிறது. அறிக்கையைக் கைபேசியிலேயே படிக்கலாம். ஆண்டுதோறும் மானியக் கோரிக்கை எண் 34, நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை, வெளியானதும் திறக்கிறேன். புது அறிவிப்பைத் தாண்டிப்போய், பராமரிப்புக்கு என்ன வைத்தார்கள், போன ஆண்டின் திருத்த மதிப்பீட்டில் அது ஏறியதா இறங்கியதா என்று பார்க்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறேன்.

நிலைத்த பல்லின் எனாமல், குழந்தைக்கு எட்டு வயது ஆகும்வரை ஈறுக்குள்ளேயே உருவாகிறது. அந்த எட்டு ஆண்டுகளில் குழாயில் என்ன வந்ததோ அது வாழ்நாள் முழுக்க முகத்தில் நிற்கும். என் பேத்திக்கு இப்போது நான்கு வயது. இன்னும் நான்கு நிதியாண்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூடத் தவறக் கூடாது.