தண்ணீரில் பூத்த துலிப்

முப்பது வருடத்துக்கு மேல் பேரேடுகளோடு காலம் தள்ளியவன் நான். பழைய பேரேட்டின் அட்டையைத் திறந்தால், உள்பக்கத்தில் சிவப்பும் நீலமுமாக நெளிந்தோடும் ஒரு வண்ணத்தாள் ஒட்டியிருக்கும். என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். பணியில் இருந்தவரை அது எப்படி வந்தது என்று யோசித்ததில்லை. ஓய்வு பெற்றபின் அதைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான், இஸ்தான்புல்லில் வாழ்ந்த நெஜ்மெத்தின் ஒக்யாய் என்பவரை அறிந்தேன்.

துருக்கியில் இந்தக் கலைக்கு எப்ரு என்று பெயர். அகலமான தட்டில் பிசின் கரைத்த நீர் இருக்கும். அதன்மேல் மாட்டுப் பித்தநீர் கலந்த சாயத்தைத் தெளிப்பார்கள். பித்தநீர் சேர்ந்த சாயம் மூழ்காது, பரவி மிதக்கும். தாளை மேலே படிய வைத்து எடுத்தால் கோலம் அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஒரு கோலத்துக்கு ஒரே தாள்தான். தூரிகை, ரோஜாக் குச்சியில் குதிரைமுடி கட்டியது.

ஒக்யாய் 1883-ல் உஸ்குதாரில் பிறந்தவர். அழகெழுத்துக் கலைஞர், வில்லாளி. ரோஜா வளர்ப்பதிலும் பேர்போனவர். எத்ஹெம் எஃபெண்டியிடம் எப்ரு கற்றார். 1904-ல் குரு காலமானார்.

மிதக்கும் சாயத்தில் நினைத்த உருவத்தை வரைவது எளிதல்ல. பூப்போன்ற வடிவங்களை 18-ஆம் நூற்றாண்டிலேயே செய்தார்கள். ஆனால் பார்த்தவுடன் இது துலிப், இது கார்னேஷன் என்று சொல்லும்படி வரைந்து காட்டியவர் ஒக்யாய். பச்சைச் சொட்டை ஊசியால் இழுத்தால் தண்டு. அதன் தலையில் ஒரு சிவப்புச் சொட்டு வைத்து ஊசியால் இழுத்தால் இதழ். எழுத்துக்கு வேறு வழி. வேலம்பிசினால் தாளில் எழுதிக் காயவைத்துச் சாயத்தின்மேல் படிய வைத்தார். பிசின் பட்ட இடத்தில் சாயம் பிடிக்கவில்லை. எழுத்து தாளின் நிறத்திலேயே நின்றது.

அப்போது இந்தத் தொழிலைக் கற்க வந்தவர்கள் மிகச் சிலரே. ஒக்யாய் நுண்கலை அகாதெமியில் கற்பித்து 1948-ல் ஓய்வு பெற்றார், 1976-ல் மறைந்தார். அவருடைய உறவினரான முஸ்தஃபா துஸ்குன்மான், நாட்டுமருந்துக் கடை நடத்திக்கொண்டே அதைக் காப்பாற்றினார். 2014-ல் எப்ரு யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இந்த இருவர் இல்லாவிட்டால் ஏற என்ன இருந்திருக்கும்?

எத்தனையோ பழைய பேரேடுகளை எடைக்குப் போட நானே கையெழுத்திட்டிருக்கிறேன். அவற்றில் கையால் செய்த தாளும் இருந்ததா? இனி யார் பார்த்துச் சொல்வது? உங்கள் பரணில் பழைய கணக்குப் புத்தகம் ஏதும் இருந்தால், போடுமுன் அட்டையை ஒருமுறை திறந்து பாருங்கள்.