தொப்பி ஊசியும் ஒரு காரும்!

காலை எட்டரை மணி. ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. காரில் ஏறிச் சாவியைத் திருப்புகிறீர்கள். 'கிர்ர்... கிர்ர்...' என்று செல்ஃப் சுற்றுகிறது. வண்டி பிடிக்க மாட்டேன் என்கிறது! வேறு வழியில்லாமல் தெருமுனை மெக்கானிக்குக்குப் போன் போடுகிறீர்கள்.

அனுபவசாலியாக இருந்தால் அவர் வந்தவுடன் எதையும் கழற்ற மாட்டார். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆகவே பேட்டரியில் உயிர் இருக்கிறது. மிச்சமிருப்பது முக்கியமாக இரண்டு கேள்விகள். 'பெட்ரோல் வருதா? கரண்ட் வருதா?' இன்ஜினுக்குள் எரிபொருள் போய்ச் சேரவேண்டும். சரியான நொடியில் பொறி பறக்கவேண்டும். ஸ்கேனரைச் செருகிக் கோளாறு பார்க்கிற இந்தக் காலத்திலும், பெட்ரோல் காரில் தேடல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

நீண்ட தூரப் பயணத்தின் நடுவே, நட்ட நடு ரோட்டில், இந்த இரண்டு கேள்விகளையும் முதன்முதலில் சந்தித்தவர் யார் தெரியுமா? கிரீஸ் சட்டை போட்ட ஆசாமி அல்ல. நான்கு குழந்தைகளின் தாய்!

பெயர் பெர்த்தா பென்ஸ். ஜெர்மனியில் மன்ஹைம் நகரவாசி. கணவர் கார்ல் பென்ஸ், 1886 ஜனவரியில் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தவர். கல்யாணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தை வாங்கி அவருடைய தொழிலில் போட்டவர் பெர்த்தா. வண்டி என்னவோ ஓடியது. ஆனால், வேடிக்கை பார்க்கத்தான் கூட்டம் வந்தது. வாங்க ஆளைக் காணோம்! கார்லோ, 'இன்னும் கொஞ்சம் சரி செய்யணும்' என்று பட்டறையிலேயே கிடந்தார். போட்ட பணம் என்னாவது?

1888 ஆகஸ்ட் மாதம், ஒரு நாள் விடிகாலை. கார்ல் தூங்கிக்கொண்டிருக்க, பெர்த்தா தன் மகன்கள் ஆய்கன், ரிச்சர்ட் இருவரையும் எழுப்பினார். மூவரும் வண்டியைச் சத்தமில்லாமல் வெளியே கொண்டுவந்தார்கள். சாவி, செல்ஃப் எல்லாம் அப்போது ஏது? பின்னால் இருந்த பெரிய சக்கரத்தைக் கையால் சுழற்றித்தான் உயிர் கொடுக்க வேண்டும். கொடுத்தார்கள். போக வேண்டிய இடம் ஃபோர்ட்ஸ்ஹைம், பெர்த்தாவின் பிறந்த வீடு. சுமார் நூறு கிலோமீட்டர்!

வழியில் எரிபொருள் தீர்ந்தது. பெட்ரோல் பங்க் என்ற சொல்லே பிறக்காத காலம். வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில், லிக்ரோயின் என்கிற கறை நீக்கும் திரவத்தை வாங்கி ஊற்றினார். உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று அந்தக் கடையை இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள்!

பிறகு வந்தன நம் இரண்டு கேள்விகளும். எரிபொருள் குழாயில் அடைப்பு. பெர்த்தா தொப்பியில் செருகியிருந்த நீள ஊசியை உருவினார், குழாய்க்குள் விட்டுக் குத்தினார். சரியாயிற்று! இன்னோர் இடத்தில் கரண்ட் போகும் கம்பியின் மேலுறை தேய்ந்துபோயிருந்தது. அப்படி விட்டால் மின்சாரம் வழியிலேயே இரும்பில் இறங்கிவிடும், பொறி எங்கிருந்து வரும்? காலுறை நழுவாமல் கட்டும் பட்டையைக் கழற்றிக் கம்பியைச் சுற்றிக் காப்பிட்டார். அதுவும் சரியாயிற்று!

தளர்ந்த சங்கிலியை ஒரு கொல்லர் இறுக்கிக் கொடுத்தார். மேடு வந்தால் இறங்கித் தள்ளு! இறக்கத்தில் பிரேக் கட்டைகள் தேய்ந்தபோது, ஒரு செருப்புத் தைப்பவரிடம் சொல்லி அவற்றின் மேல் தோல் அடிக்க வைத்தார் பெர்த்தா. பிரேக் லைனிங் பிறந்த கதை இதுதான்.

இருட்டிய பிறகு ஃபோர்ட்ஸ்ஹைம் வந்து சேர்ந்தார்கள். 'பத்திரமாக வந்துவிட்டோம்' என்று கணவருக்குத் தந்தி பறந்தது. சில நாள் கழித்து அதே வண்டியில் வீடு திரும்பினார்கள். மேடு ஏற முடியவில்லை என்ற புகாரைக் கேட்டு, கார்ல் கூடுதலாக ஒரு கியர் சேர்த்தார். வண்டியின் பேரும் ஊரெங்கும் பரவியது.

யோசித்துப் பாருங்கள். முதல் அடைப்பிலேயே பெர்த்தா குதிரை வண்டி பிடித்து வீடு திரும்பியிருந்தால்? 'அப்பவே சொன்னோமே' என்று ஊர் சிரித்திருக்கும். கார்லின் தயக்கம் இன்னும் கெட்டிப்பட்டிருக்கும்.

கையால் சுற்றும் தொல்லை ஒழிந்தது 1912 மாடல் கெடிலாக் காரில். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் அதில் இருந்தது. நம்மூர் மெக்கானிக் 'செல்ஃப்' என்று செல்லமாகக் கூப்பிடுவது அந்த 'செல்ஃப் ஸ்டார்ட்டர்' சமாசாரத்தைத்தான். அதையும் பார்க்க பெர்த்தா இருந்தார். 1944 மே மாதம், 95 வயது நிறைந்த இரண்டாம் நாள் மறைந்தார். 1886-ன் காப்புரிமைப் பத்திரத்தில் பெர்த்தாவின் பெயர் இல்லை.

அடுத்த முறை உங்கள் கார் மக்கர் பண்ணினால், டயரை உதைக்காதீர்கள். அந்த இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். கூடவே, அந்தத் தொப்பி ஊசியையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்!