ஒரே ஷூவை ஒருவர் புகழ்கிறார், இன்னொருவர் திட்டுகிறார்... ஏன்? டிரெயில் ரன்னிங் ஷூக்களின் பலமும் பலவீனமும்

மலைப்பாதையில் ஓட ஆசை வந்தவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, 'எந்த ஷூ வாங்கலாம்?' என்பதுதான். பத்து ரன்னர்களிடம் கேட்டால் பத்து பதில் வரும். அதுமட்டுமா? ஒரே ஷூவை ஒருவர் 'கிரிப் சூப்பர்' என்பார். அடுத்தவர் 'ஈரப் பாறையில கால வச்சதும் வழுக்கிடுச்சு, காசு வேஸ்ட்' என்பார்.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஒருவர் ஓடியது சேற்றில், மற்றவர் ஓடியது பாறையில். அவ்வளவுதான் விஷயம். டிரெயில் ஷூவில் எந்த ஒரு பலமும் சும்மா கிடைப்பதில்லை. அதற்கு ஈடாக வேறெங்கோ ஒரு பலவீனம் வந்துவிடும். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் முன் இந்தக் கணக்கைப் புரிந்துகொள்வது நல்லது. காசு மட்டுமல்ல, கணுக்காலும் கால் நகமும் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

சாதாரண ரன்னிங் ஷூவில் ஓடினால் என்ன?

காய்ந்த மண் பாதை, எஸ்டேட் ரோடு போன்ற இடங்களில் தாராளமாக ஓடலாம். சிக்கல் வருவது சரிவிலும் ஈரத்திலும்தான். ரோடு ஷூவின் அடிப்பாகம் ஏறக்குறைய தட்டையாக இருக்கும். தாரில் அதுவே போதும். உருளும் கல், சேறு, இலைச்சருகு மேல் அது பிடிக்காது.

டிரெயில் ஷூவில் மூன்று விஷயங்கள் மாறுகின்றன. அடியில் ரப்பர் பட்டன்கள் ஆழமாக இருக்கும். விரல் பகுதியில் கல் இடித்தால் தாங்கும் தடுப்பு இருக்கும். மேல் துணி முள்ளிலும் பாறையிலும் உரசினாலும் சீக்கிரம் கிழியாதபடி கெட்டியாக இருக்கும். இதனால் எடை கொஞ்சம் கூடும். தார் ரோட்டில் ஓடும்போது கால் கனமாகத் தெரிவது இதனால்தான்.

கிரிப்: சேற்றுக்கு ஒன்று, பாறைக்கு ஒன்று

ரன்னர்கள் அதிகம் பேசுவதும் அதிகம் முரண்படுவதும் கிரிப் பற்றித்தான். காரணம், கிரிப் என்பது ஒரே விஷயம் அல்ல, இரண்டு.

முதலாவது பட்டனின் ஆழம். டயரில் பட்டன் என்று சொல்வோமே, அதேதான். ஆங்கிலத்தில் இதை 'லக்' என்கிறார்கள்.

* 2 முதல் 3 மி.மீ.: ரோடும் மண் பாதையும் கலந்த ஓட்டத்துக்கு
* 4 முதல் 5 மி.மீ.: பெரும்பாலான மலைப்பாதைகளுக்கு
* 6 முதல் 8 மி.மீ.: கொழகொழ சேறு, ஈரப் புல், செங்குத்துச் சரிவு

ஆழமான பட்டன்கள் டிராக்டர் டயர் மாதிரி மண்ணைக் குத்திப் பிடிக்கும. பட்டன்களுக்கு நடுவே இடைவெளி அதிகம் இருந்தால் சேறு ஒட்டாமல் உதிர்ந்துவிடும். ஆனால் அதே ஷூவோடு கெட்டியான பாறையில் நின்றால், பாறையைத் தொடுவது பட்டன்களின் நுனி மட்டும்தான். தொடும் பரப்பு குறைந்தால் பிடிப்பும் குறையும். 'சேற்றில் ராஜா, பாறையில் ஆபத்து' என்று ஒரே ஷூ பெயர் வாங்குவது இப்படித்தான்.

பிரான்ஸின் சாலமோன் நிறுவனம் 2006-ல் கொண்டுவந்த 'ஸ்பீட்கிராஸ்' இதற்குத் தெரிந்த உதாரணம். அம்பு முனை போன்ற அதன் பட்டன்களை சேற்றில் ஓடுபவர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். ஈரப் பாறையிலும் தார் ரோட்டிலும் அதைப் போடாதே என்று சொல்பவர்களும் அவர்களில் பலர்தான்.

இரண்டாவது, ரப்பரின் தன்மை. மென்மையான ரப்பர் ஈரப் பாறையில் ஒட்டிப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். கடினமான ரப்பர் நீண்ட நாள் உழைக்கும், ஈரத்தில் வழுக்கும். இரண்டும் முழுசாக வேண்டும் என்றால் கிடைக்காது.

இந்த இடத்தில்தான் இத்தாலியின் 'விப்ரம்' பெயர் அடிபடுகிறது. 1935-ல் ஆல்ப்ஸ் மலையில் நடந்த விபத்தில் விட்டாலே பிரமானி என்ற மலையேற்ற வீரர் தன் நண்பர்கள் ஆறு பேரை இழந்தார். அவர்கள் போட்டிருந்த காலணி அந்தக் குளிருக்கும் பாறைக்கும் ஏற்றதாக இல்லை என்பது அவர் மனதை அரித்தது. 1937-ல் அவர் உருவாக்கிய ரப்பர் சோல்தான் விப்ரம். இன்று பல நிறுவனங்களின் ஷூக்களுக்கு அடிப்பாகம் அங்கிருந்து வருகிறது. அடியில் மஞ்சள் நிற முத்திரை இருந்தால் அதுதான். அந்த நிறுவனத்தின் 'மெகாகிரிப்' ரப்பருக்கு ஈரப் பாறையில் நல்ல பெயர் உண்டு.

ஆனாலும் ஒரு எச்சரிக்கை: பாசி படிந்த பாறையிலும் ஈரமான மர வேரிலும் எந்த ரப்பரையும் நம்ப முடியாது. அங்கே நடப்பதுதான் புத்திசாலித்தனம்.

மெத்தென்று இருந்தால் நல்லதா?

2009-ல் பிரான்ஸின் அன்னெசி பகுதியில் நிக்கோலா மெர்மூ, ஜான்-லூக் டியார் என்ற இருவர் 'ஹோகா' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மலை இறக்கத்தில் வேகமாக ஓட வேண்டும், முட்டியும் தொடையும் அடி வாங்கக் கூடாது என்பது அவர்கள் நோக்கம். அதற்காக அடிப்பாகத்தில் மிகத் தடிமனான ஃபோம் வைத்தார்கள். பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது பெரும்பாலான நிறுவனங்கள் அப்படி ஒரு மாடலாவது வைத்திருக்கின்றன.

பலம் என்ன? நீண்ட தூரம். மான்ட் பிளாங்க் மலையைச் சுற்றி நடக்கும் யுடிஎம்பி போட்டியில் சுமார் 170 கி.மீ. தூரமும் சுமார் 10,000 மீட்டர் ஏற்றமும் உண்டு. ஏறிய அளவுக்கு இறங்கவும் வேண்டும். இரவு பகலாக ஓடும்போது ஒவ்வொரு கல்லும் பாதத்தில் குத்தினால் தாங்காது. அங்கே தடிமனான ஃபோம் கை கொடுக்கிறது.

பலவீனம்? பாதம் தரையிலிருந்து உயரத்தில் நிற்கிறது. பாதி கல்லிலும் பாதி பள்ளத்திலும் கால் பட்டால் கணுக்கால் மடங்குவது எளிது. அடியில் என்ன இருக்கிறது என்று பாதத்துக்குத் தெரிவதும் தாமதமாகும். முன்பு கணுக்கால் பிசகியவர்கள் இதை இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

இதற்கு நடுவில் ஒரு வழியும் உண்டு. சில ஷூக்களில் ஃபோமுக்குள் மெல்லிய பிளாஸ்டிக் தகடு வைத்திருப்பார்கள். கூரான கல் குத்தாது. ஆனால் ஷூ சற்று விறைப்பாக இருக்கும், பாதம் சுலபமாக வளையாது.

குதிகால் உயரமும் விரல் இடமும்

கடைகளில் 'டிராப்' என்று ஒரு எண் சொல்வார்கள். குதிகால் பகுதிக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் அது. ரோடு ஷூக்களில் 8 முதல் 12 மி.மீ. சாதாரணம். டிரெயில் ஷூக்களில் 4 முதல் 8 வரை அதிகம் பார்க்கலாம்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தொடங்கிய 'ஆல்ட்ரா' நிறுவனம் இதை பூஜ்யமாக்கியது. வெறுங்காலில் நிற்பது போல குதிகாலும் விரலும் ஒரே மட்டத்தில் இருக்கும். விரல்கள் விரிந்து நிற்கவும் இடம் இருக்கும். அகலப் பாதம் கொண்டவர்களும், ஓடி முடித்தால் விரல்கள் வீங்கும் பிரச்சினை உள்ளவர்களும் இதைப் போட்ட பிறகு வேறு ஷூவுக்குத் திரும்ப மாட்டேன் என்கிறார்கள்.

ஆனால் 10 மி.மீ. டிராப் ஷூவில் பழகியவர் நேற்று வாங்கி இன்று 20 கி.மீ. ஓடினால், கெண்டைக்கால் சதையும் குதிகால் நரம்பும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். முதலில் வாரத்தில் ஓரிரு நாள் குறைந்த தூரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதுதான் வழி. இன்னொன்று, விரலுக்கு இடம் அதிகம் என்றால் செங்குத்து இறக்கத்தில் பாதம் உள்ளுக்குள் நகரும். ஒடுக்கமான ஷூ அங்கே இறுக்கிப் பிடிக்கும். ஆனால் அதே ஒடுக்கம், தூரம் கூடினால் கொப்புளமாகவும் கறுத்த நகமாகவும் மாறும்.

வெறுங்கால் மாதிரி ஓடலாம் என்றார்களே?

1993-ல் அமெரிக்காவின் கொலராடோவில் நடந்த லெட்வில் 100 மைல் மலை ஓட்டத்தில், மெக்சிகோவின் ராராமுரி பழங்குடியைச் சேர்ந்த 55 வயது விக்டோரியானோ சுரோ முதலிடம் பிடித்தார். அவர் போட்டிருந்தது பழைய டயரில் வெட்டிச் செய்த செருப்பு. நம்மூர் டயர் செருப்பின் பங்காளி என்றே சொல்லலாம்.

இதுபோன்ற கதைகளால் மெல்லிய ஷூக்களுக்குப் பெரிய மவுசு வந்தது. விரல் விரலாகப் பிரிந்த 'ஃபைவ்ஃபிங்கர்ஸ்' ஷூவை விற்ற விப்ரம், அது பாதத்தை வலுவாக்கும், காயத்தைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்தது. அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவில் வழக்கு வந்தது. குற்றச்சாட்டை ஏற்காத நிறுவனம், வழக்கை முடித்துக்கொள்ள 2014-ல் 37.5 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது.

இதில் பாடம் இரண்டு. ஒன்று, ராராமுரி மக்கள் சின்ன வயதிலிருந்தே அப்படி ஓடிப் பழகியவர்கள். பலம் செருப்பில் இல்லை, காலில் இருந்தது. இரண்டு, 'இந்த ஷூ போட்டால் காயமே வராது' என்று யார் சொன்னாலும் அப்படியே நம்ப வேண்டாம்.

வாட்டர்ப்ரூஃப் வாங்கலாமா?

கோர்-டெக்ஸ் போன்ற நீர் புகாத சவ்வு கொண்ட ஷூக்களுக்கு விலை கூடுதல். குளிர் பிரதேசம், பனி, காலையில் நனைந்த புல் என்றால் பயன் உண்டு. ஆனால் ஓடையில் கால் வைத்தால் தண்ணீர் மேல் பக்கமாக உள்ளே போகும். உள்ளே போனது வெளியே வராது! மிச்ச தூரம் முழுக்க இரண்டு பாதமும் தண்ணீர்ப் பையில் ஊறியபடி ஓட வேண்டும். ஊறிய தோலில் கொப்புளம் சீக்கிரம் வரும்.

வெயில் அதிகம் உள்ள ஊர்களில் வியர்வையே இந்த வேலையைச் செய்துவிடும். அதனால் அனுபவமுள்ளவர்கள் பலர் வலைத்துணி ஷூவையே விரும்புகிறார்கள். நனையும், ஆனால் ஓட ஓட வடிந்து காய்ந்துவிடும்.

எத்தனை நாள் உழைக்கும்?

பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 500 முதல் 800 கி.மீ. ஓடுபவரின் எடை, பாதை இரண்டையும் பொறுத்து இது மாறும். பட்டன் தேயாமல் இருந்தாலே ஷூ நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. உள்ளே இருக்கும் ஃபோம் முதலில் சாகும். திடீரென்று பாதத்தில் கல் குத்துவது தெரிந்தாலோ, முட்டியில் புதிதாக வலி வந்தாலோ ஷூவைச் சந்தேகப்படலாம்.

வீட்டிலிருந்து மலையடிவாரம் வரை தார் ரோட்டில் டிரெயில் ஷூவோடு ஓடுவது பலர் செய்யும் தவறு. மென்மையான பட்டன்கள் அங்கேயே தேய்ந்துவிடும். அப்புறம் மலையில் வழுக்கினால் திட்டு வாங்குவது ஷூதான்.

நம்ம பாதைக்கு எது?

ஏற்காடு, குன்னூர் பக்கம் எஸ்டேட் ரோடும் மண் பாதையும் மாறி மாறி வரும். அங்கே 3 முதல் 4 மி.மீ. பட்டன், நடுத்தர குஷன் போதும். செஞ்சி போன்ற காய்ந்த பாறைக் குன்றுகளில் ஆழமான பட்டனைவிட ஒட்டும் ரப்பர் முக்கியம். மழைக்காலத்தில் நீலகிரி, கொடைக்கானல் பக்கம் என்றால் 5 மி.மீ.க்குக் குறையாமல் பார்க்கலாம். அதே இடம், அதே ஆள், மாதம் மாறினால் ஷூவும் மாறும்.

கடையில் செய்ய வேண்டியது

* மாலையில் போங்கள். அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும்.
* ஓடும்போது போடும் அதே சாக்ஸைக் கொண்டு போங்கள்.
* விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். தேவைப்பட்டால் அரை சைஸ் கூட்டுங்கள்.
* சரிவோ படிக்கட்டோ இருந்தால் இறங்கிப் பாருங்கள். விரல் முன்னால் இடித்தால் அந்த ஷூ வேண்டாம்.
* குதிகால் தூக்குகிறதா என்று பாருங்கள். மேலே இருக்கும் கடைசித் துளையிலும் லேஸ் கோத்து இறுக்கினால் சில நேரம் சரியாகும்.

ரிவ்யூவை எப்படிப் படிப்பது?

'நல்ல ஷூ', 'மோசமான ஷூ' என்ற வரியைத் தாண்டிவிடுங்கள். அவர் ஓடியது எந்தத் தரை? ஈரமா, காய்ச்சலா? எத்தனை கி.மீ. ஓடிய பிறகு சொல்கிறார்? அவர் எடை என்ன, பாதம் அகலமா, ஒடுக்கமா? இந்த நான்கு கேள்விக்கும் பதில் இருக்கும் ரிவ்யூதான் உதவும். பெட்டியைப் பிரித்த அன்றே ஐந்து ஸ்டார் கொடுத்தவர், ஷூவின் நிறத்தைத்தான் ரிவ்யூ செய்கிறார்.

உங்கள் பாதம் போலவே பாதம், உங்கள் பாதை போலவே பாதை. அப்படி ஒரு ரன்னர் திட்டும் ஷூவை வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைந்தாலும் சரி.