தொலைவின் இடத்தில் சான்று: சுவாமிமலைப் படிமப் பட்டறைகளும் அயல்நாட்டு இணையத் தேடலும்

முன்னுரை

கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் உலோகப் படிமம் வார்க்கும் பட்டறை ஒன்று இணையதளம் தொடங்குகிறது என்று கொள்வோம். அருகில் இருப்பவர் தேடும்போது அந்தப் பட்டறை முன்னால் தெரிவதற்கு அதன் இருப்பிடமே பாதிக் காரணம். உள்ளூர்த் தேடலின் வரிசையைப் பொருத்தம், தொலைவு, நற்பெயர் ஆகிய மூன்றும் தீர்மானிப்பதாகக் கூகுள் நிறுவனமே விளக்கியிருக்கிறது. தேடுபவர் கோலாலம்பூரிலோ டர்பனிலோ இருந்தால் தொலைவு தரும் சலுகை அற்றுப்போகிறது. அந்த வெற்றிடத்தை எதைக் கொண்டு நிரப்புவது? நாட்டுப் பெயர்களைப் பக்கங்களில் நிறைப்பதே வழி என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. பொருள் பிறந்த இடத்தின் சான்றும், வாங்குபவரின் நாட்டில் எழும் கேள்விகளுக்கு நேரான விடையுமே அயல்நாட்டுத் தேடலில் ஒரு சிறு தொழிலை நிலைநிறுத்தும் என்பது இதன் வாதம்.

தொழில்நுட்பக் குறிகளின் எல்லை

ஒரே செய்தி பல மொழிகளில் இருக்கும்போது எவருக்கு எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்பதை அறிவிக்க, 2011 டிசம்பரில் ‘எச்ரெஃப்லாங்’ என்ற குறியைக் கூகுள் அறிமுகப்படுத்தியது. தமிழ்ப் பக்கம் பிரெஞ்சுப் பக்கத்தைச் சுட்டினால், பிரெஞ்சுப் பக்கமும் தமிழ்ப் பக்கத்தைத் திருப்பிச் சுட்ட வேண்டும். இல்லையேல் குறி செல்லாது. சரியாக இட்டாலும் அது பக்கத்தின் தரவரிசையை உயர்த்துவதில்லை. ஏற்கெனவே தேடலில் இடம்பெறும் பக்கத்துக்குப் பதிலாக, தேடுபவரின் மொழிக்குரிய பக்கத்தை வைக்க உதவுகிறது. அதன் பணி அத்துடன் முடிகிறது.

‘டாட் இன்’ என முடியும் முகவரி, தளம் இந்தியாவுக்குரியது என்ற அடையாளத்தைத் தேடுபொறிக்குத் தருகிறது. ‘டாட் காம்’ எந்த நாட்டையும் சாராதது. பொது முகவரி கொண்ட தளத்தை ஒரு நாட்டுக்கு உரியதாகக் குறிக்கும் வசதி முன்பு கூகுளின் ‘சர்ச் கன்சோல்’ கருவியில் இருந்தது. 2022இல் அதுவும் நீக்கப்பட்டது. ஆகவே அமைப்புகளை மாற்றிப் பெறக்கூடிய பயன் குறுகிவிட்டது. பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதன் எடை கூடியிருக்கிறது.

நாடா, மொழியா?

மலேசியா, சிங்கப்பூர், தென்னாப்பிரிக்கா என மூன்று நாடுகளுக்கு மூன்று ஆங்கிலப் பக்கங்கள் எழுதி, நாட்டுப் பெயரை மட்டும் மாற்றிவைப்பது எளிது. தேடுபவரை ஒரே இடத்துக்கு இழுப்பதற்காக எழுப்பப்படும் இத்தகைய வாயில் பக்கங்களைக் கூகுளின் விதிகள் தடைசெய்கின்றன. நாட்டுக்கு நாடு சொல்வதற்கு வேறு செய்தி இருந்தால்தான் தனிப்பக்கம் தேவை. சுங்கத் தீர்வையும் வரியும் கப்பல் வந்துசேரும் துறைமுகமும் அப்படிப்பட்ட செய்திகள்.

மொழியின் நிலை வேறு. ரீயூனியன் தீவு பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்டது. அங்கே தமிழ் வழியினர் எழுப்பிய கோயில்கள் இன்றும் வழிபாட்டில் உள்ளன. ஆனால் அவர்கள் படிப்பது பிரெஞ்சு. மொரீஷியசிலும் பிரெஞ்சு பரவலாகப் படிக்கப்படுகிறது. நாட்டைக் குறிக்காமல் மொழியை மட்டும் குறித்து எழுதிய ஒரு நல்ல பிரெஞ்சுப் பக்கம் பிரான்சுக்கும் இவ்விரு தீவுகளுக்கும் சேர்த்துப் பயன்படும். அயல்நாட்டுச் சந்தை என்றதும் அமெரிக்காவை மட்டும் நினைக்கும் பழக்கத்தால், கோயில் படிமத்துக்கு மெய்யான தேவை உள்ள இந்த நிலப்பகுதிகள் கண்ணில் படாமல் போகின்றன.

மூலச் சான்றின் வலிமை

அயல்நாட்டில் படிமம் வாங்குபவரின் முதல் ஐயம் விலையைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை. தமிழகத்தின் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசர் படிமத்தை 2008இல் வாங்கிய ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம், 2014இல் அதை இந்தியாவுக்குத் திருப்பித் தர நேர்ந்தது. இதை அறிந்த வாங்குபவர், ‘இது புதிதாக வார்த்ததுதானா?’ என்று கேட்பது முறையே. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத பழமையுள்ள படிமத்தைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. எனவே புதுப் படிமத்துக்கும் அது தொல்பொருள் அன்று என்ற சான்று தேவைப்படலாம்.

பட்டறையின் தளம் இதை விளக்கியிருக்கிறதா? தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருச் செய்வது, காவிரியின் வண்டல் மண்ணைப் பூசுவது, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகத்தை ஊற்றுவது, அச்சை உடைத்து எடுத்தபின் உளியால் நுண்வேலை செய்வது ஆகிய ஒவ்வொரு கட்டத்தையும், வார்த்த நாள், ஸ்தபதியின் பெயர், உயரம், எடை ஆகியவற்றுடன் வெளியிட்டால் ஐயம் தீரும். சுவாமிமலை வெண்கலப் படிமங்களுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதைப் பயன்படுத்தப் பதிவு பெற்ற பட்டறை அதையும் சொல்லலாம். வாங்குபவர் தேடலில் கேட்கும் கேள்விகளும் இவையே. ஆதலால் சான்று தருவதும் தேடலில் தென்படுவதும் ஒரே வேலையாகின்றன.

ஒரு மறுப்பு

எட்ஸி, அமேசான் போன்ற சந்தைத் தளங்களில் விற்றால் போதாதா என்று கேட்கலாம். சிறு விளக்குகளுக்கும் மேசைமேல் வைக்கும் சிலைகளுக்கும் அது பொருந்தும். கோயில் உற்சவர் திருமேனி அப்படிப்பட்ட சரக்கு அன்று. தாள அளவு, ஆயுதம், முத்திரை, பீடம் என அனைத்தையும் கோயிலாரும் ஸ்தபதியும் பேசி முடிவு செய்த பின்னரே மெழுகில் கை வைக்கிறார்கள். அந்த உரையாடலுக்குச் சொந்தத் தளமே இடம் தரும்.

முடிவுரை

பட்டறைகள் முதலில் சர்ச் கன்சோலில் நாடுவாரியாக வரும் தேடல் சொற்களைப் படிக்க வேண்டும். எந்த நாட்டில் தேவை உண்டு என்பதற்கு அதுவே முதல் தடயம். அதன்பின் சான்றுப் பக்கம், அதையடுத்து ஒரு மொழி, பிறகே அடுத்த மொழி என்ற வரிசை சிறு தொழிலின் சக்திக்கு உகந்தது. வருகையாளர் எண்ணிக்கையைவிட, அளவும் தேதியும் கேட்டு வரும் விசாரணைகளைக் கொண்டு பயனை மதிப்பிட வேண்டும். சுவாமிமலையில் சொந்த உற்பத்திக்கூடம் நடத்தும், தமிழக அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகார், ரீயூனியன் வழிபாட்டு மரபை அறிந்தவர்களைக் கொண்டு பிரெஞ்சு விளக்கங்களை எழுதுவித்து எல்லாப் பட்டறைகளுக்கும் பொதுவாக வழங்க முன்வர வேண்டும். தனியொரு ஸ்தபதியால் தாங்க முடியாத செலவு அது. ஊர் முழுவதற்கும் பயன் தருவதும் அதுவே.