உகண்டா இல்லங்களும் குழந்தை உளவியலும்

தாய்–சேய்ப் பற்றுணர்வு ஆய்வு மேலைநாட்டு ஆய்வுகூடத்திற் பிறந்ததென்பர். வரலாறு வேறாக இருத்தலை நாம் காண்கின்றோம்.

மேரி எயின்ஸ்வேர்த் (1913–1999), பிரித்தானிய ஆட்சிக்குட்பட்டிருந்த உகண்டாவில், 1954–55 காலப்பகுதியில் 26 குடும்பங்களின் வீடுகளுக்கு மாதக்கணக்கிற் சென்று அவதானித்தார். தம் குழந்தையின் இயல்புகளை நுணுக்கமாக எடுத்துரைக்கவல்ல தாய்மாரின் பிள்ளைகளே பெரும்பாலும் பாதுகாப்புணர்வுடன் விளங்கக் கண்டார். அவ்வாய்வு 1967இல் நூலாயிற்று.

1960களில் அமெரிக்காவின் பல்ரிமோர் நகரிலும் அவர் முதலில் வீடுகளுக்கே சென்றார். அவ்வவதானிப்பின் துணையாகவே ஏறத்தாழ 20 நிமிட ஆய்வுகூடச் சோதனையை வகுத்தார். எனினும், பின்வந்தோர் பலர் சோதனையைக் கைக்கொண்டு வீட்டைக் கைவிட்டனர்.

வாழ்நிலையை நோக்காது தாய்மையை அளக்க முற்படுவது எயின்ஸ்வேர்த்தின் ஆய்வுநெறிக்கே முரணானதென்பது எமது முடிபு.