ஏப்ரல் ஒன்று: ஒரே தேதியில் எத்தனை கணக்கு!

ஏப்ரல் 1 என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது உருளைக்கிழங்குதான். கிழங்கை இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தில் ஏ, எஃப் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை இடவலமாக மாற்றிச் செதுக்கி, மையில் தோய்த்து, முன்னால் போகிறவன் சட்டை முதுகில் ஒரு குத்து. கிழங்கு கிடைக்காதவன் பேனாவை உதறுவான். அன்றைக்கு மட்டும் பழைய சட்டையைப் போட்டு அனுப்புகிற அம்மாக்கள்தான் விவரமானவர்கள்.

இந்த முட்டாள் தினம் எங்கிருந்து வந்தது? பிரான்சில் 1564-ல் அரசன் ஆணைப்படி புத்தாண்டு ஜனவரி 1 என்று ஆனது, அது தெரியாமல் பழைய வழக்கப்படி ஏப்ரலில் கொண்டாடியவர்களைக் கேலி செய்தார்கள், அப்படித்தான் தொடங்கியது என்று ஒரு கதை உண்டு. நம்மில் பலர் பள்ளியில் கேட்ட கதை. ஆனால் ஒரு சிக்கல். 1561-ல் எழுதப்பட்ட ஒரு பிளெமிஷ் கவிதையிலேயே, ஏப்ரல் முதல் தேதியில் வேலைக்காரனை வீண் வேலைகளுக்கு அலைய விடும் வேடிக்கை வந்துவிடுகிறது. ஆணைக்கு மூன்று வருடம் முந்தியது இது. ஆகவே அந்தக் கதையை முழுதாக நம்புவதற்கில்லை. பிரான்சில் இன்றும் பிள்ளைகள் காகித மீனை அடுத்தவர் முதுகில் ஒட்டுகிறார்கள். அவர்களுக்கு மீன், நமக்குக் கிழங்கு.

வேடிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். நம் நாட்டில் இந்தத் தேதியைப் போல வேலை பார்த்த தேதி வேறு இல்லை. கருவூலத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

பிரிட்டிஷ் ஆட்சியில் நிதியாண்டு முதலில் மே 1-ல்தான் தொடங்கியது. 1867-ல்தான் அதை ஏப்ரல் 1-க்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து மார்ச் 31 ராத்திரி என்றால் கருவூலத்தில் சிவராத்திரி. ஒதுக்கிய பணத்தை அன்றைக்குள் எடுக்காவிட்டால் காலாவதி. மாலை ஆறு மணிக்குப் பில் கட்டோடு ஓடி வருவார்கள். டீ வந்துகொண்டே இருக்கும். நள்ளிரவு தாண்டிக் கணக்கை முடித்து வீட்டுக்குப் போனால், விடிந்தால் முட்டாள் தினம்.

ரிசர்வ் வங்கி பிறந்ததும் இதே நாளில்தான், 1935-ல். அப்போது அது தனியார் பங்குதாரர்களின் வங்கி. 1949 ஜனவரியில்தான் அரசுடைமை ஆனது. அடுத்த வருடம், 1936 ஏப்ரல் 1, ஒடிசா தனி மாகாணமானது. மொழியை அடிப்படையாக வைத்து அமைந்த முதல் மாகாணம் அதுவே. நம் சென்னை மாகாணத்திலிருந்து கஞ்சம் பகுதி பிரிந்து அங்கே சேர்ந்தது. அங்கே இன்றும் இந்த நாள் உத்கல தினம். 1973-ல் கார்பெட் பூங்காவில் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியதும் ஏப்ரல் 1. முதலில் ஒன்பது காப்பகங்கள். நம் களக்காடு முண்டந்துறை 1988-ல்தான் புலிகள் காப்பகம் ஆனது.

இவற்றையெல்லாம்விட, நம் மடியில் கைவைத்த ஏப்ரல் 1 என்றால் அது 1957-தான். அன்று திங்கட்கிழமை. எனக்கு எட்டு வயது.

அன்றைக்குத்தான் நயா பைசா வந்தது. அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்கு நாலு காலணா, ஆக அறுபத்து நாலு காலணா. இனி ரூபாய்க்கு நூறு காசு என்றது அரசு. இளையவர்கள் இப்போது கேட்டால், நூறுதானே சுலபம் என்பார்கள். நம் பெரியவர்களுக்கு அப்படி இல்லை. தமிழ்க் கணக்கில் அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகத்தான் இறங்குவோம். வீசம் என்றால் பதினாறில் ஒன்று. ரூபாயில் வீசம் சரியாக ஒரு அணா. அரைக்கால் ரூபாய் இரண்டு அணா. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வாயிலேயே போட்ட கணக்கு இது. நூறைப் பாதியாக்கினால் ஐம்பது, இருபத்தைந்து, அதோடு நின்றுவிடும். அதற்குக் கீழே பின்னம்.

ஒரு அணா என்பது ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் ஏது? அதனால் அரசு ஒரு மாற்று அட்டவணை போட்டது. காலணாவுக்கு 2, அரையணாவுக்கு 3, ஒரு அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. இதில் வேடிக்கை பாருங்கள். மூன்று அணாவுக்கு ஒரே தடவையில் சாமான் வாங்கினால் 19. தனித்தனியாக மூன்று தடவை வாங்கினால் 18. இங்கே கடைக்காரருக்கு நஷ்டம். காலணாவில் நிலைமை தலைகீழ். காலணா வெற்றிலை, காலணா மூக்குப்பொடி என்று வாங்குகிறவர் ஒவ்வொரு தடவையும் 2 காசு கொடுத்தாக வேண்டும். இப்படியே அறுபத்து நாலு தடவை வாங்கினால் 128 காசு. ஒரு ரூபாய்ச் சரக்குக்கு ஒன்றேகால் ரூபாய்க்கு மேல்!

மொத்தமாக வாங்க வசதி உள்ளவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றாடம் சில்லறைக்கு வாங்கியவர்தான் கொடுத்தார். எங்கள் பாட்டி வெற்றிலைக்கடையில் நின்று, "நேத்து வரைக்கும் காலணா, இன்னிக்கு மட்டும் என்னடா கூட?" என்று சண்டை போட்டது ஞாபகம் இருக்கிறது. கடைக்காரர் அட்டவணையைக் காட்டினார். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. அரசாங்கம் ஏப்ரல் ஃபூல் பண்ணுகிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அதே நாள் இரவு லண்டனில் பி.பி.சி. தொலைக்காட்சி, சுவிட்சர்லாந்தில் மரத்திலிருந்து ஸ்பாகெட்டி பறிக்கிறார்கள் என்று ஒரு படம் காட்டியது. மைதா சேமியா மாதிரியான பண்டம் மரத்தில் காய்க்கிறது என்று நம்பி, அதை எப்படி வளர்ப்பது என்று கேட்டுப் பலர் போன் செய்தார்களாம். அங்கே பொய்யை நிஜமென்று நம்பினார்கள். இங்கே நிஜத்தைப் பொய்யென்று நினைத்தார்கள். இரண்டும் ஒரே தேதி.

1964 ஜூனில் "நயா" என்ற சொல் போயிற்று. 2011 ஜூனோடு இருபத்தைந்து காசே செல்லாமல் போயிற்று. ஆனாலும் "நாலணாவுக்குப் பிரயோஜனமில்லை" என்று நாம் இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஓய்வூதியர்களாகிய நமக்கு இந்தத் தேதியில் இன்னும் இரண்டு சங்கதி உண்டு. மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் முந்தைய மாதக் கடைசி நாளில் ஓய்வு பெற வேண்டும் என்பது விதி. ஏப்ரல் 1 பிறந்தவர் மார்ச் 31-ல் வீட்டுக்கு. ஏப்ரல் 2 பிறந்தவருக்கு இன்னும் ஒரு மாதச் சம்பளம். ஏப்ரல் 1-ல் ஆண்டு ஊதிய உயர்வு உள்ளவர் முதல் நாளே ஓய்வு பெற்றால், வருடம் முழுக்க உழைத்தும் அந்த உயர்வு கிடைக்காது என்ற நிலையும் இருந்தது. உழைத்த வருடத்துக்கான உயர்வை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்ததும் ஏப்ரல் மாதத்தில்தான்.

இரண்டாவது, 2003 ஏப்ரல் 1. தமிழக அரசுப் பணியில் அன்றோ அதற்குப் பிறகோ சேர்ந்தவர்களுக்கு நமக்கிருந்த ஓய்வூதியம் இல்லை, பங்களிப்புத் திட்டம் என்று ஆனது. சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் பத்து சதவீதம் பிடித்தம், அரசு அதே அளவு போடும் என்பதே அப்போது வந்த ஏற்பாடு. நான் 2007-ல் ஓய்வு பெறும் சமயம் என் எதிர் மேஜையில் ஒரு பையன் இருந்தான். அதே பில், அதே டோக்கன், அதே மார்ச் 31 ராத்திரி. வழியனுப்பு விழா முடிந்து மாலையோடு நின்றபோது மெதுவாகக் கேட்டான்: "சார், எனக்கும் உங்களை மாதிரி மாசாமாசம் வருமா?" அவன் தோளைத் தட்டினேன். வேறு என்ன செய்ய? பழைய ஓய்வூதியம் கேட்டுச் சங்கங்கள் எத்தனை வருடம் தெருவில் நின்றன என்பது உங்களுக்கே தெரியும்.

நிர்வாகம் என்றால் ஏதாவது ஒரு தேதியில் கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். அது எனக்குத் தெரியும், நானும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பில் பாஸ் செய்தவன்தான். ஆனால் கோடு போடுகிறவர்கள் காலணாவுக்கு வெற்றிலை வாங்குகிறவரையும், நேற்றுச் சேர்ந்தவனையும் கொஞ்சம் நினைத்துக்கொண்டால் நல்லது. உங்கள் வீட்டில் அந்த ஓட்டைக் காலணா இன்னும் இருந்தால் பேரப்பிள்ளைகளிடம் எடுத்துக் காட்டுங்கள். அதை வைத்து என்ன வாங்கலாம் என்று அவர்கள் கேட்பார்கள். நிதானமாக உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.